வெள்ளைக் கார்டு எலிகள்

அத்தியாயம் ஏழு

கதவு பூட்டிக்கொண்டபோது மணி ஒன்று நாற்பது. நாலு மணிக்குள் அது திறக்காவிட்டால் உகாய் சினாட்சு என்கிற பெண்ணின் வேலையும் பெயரும் போய்விடும். திறந்தாலும் போய்விடும் என்பது பத்து நிமிடம் கழித்துத்தான் தெரிந்தது.

ஆட்டம் ஒன்றும் பெரிதில்லை. ஜப்பானில் எங்கள் செண்டாய் ஊர்க்காரன் பூமி அசைந்தால் முதலில் விளக்கைப் பார்ப்பான். விளக்கும் அசைந்தால் டீக்கோப்பையைப் பிடித்துக்கொள்வான். அதற்கும் மேல் போனால்தான் எழுந்திருப்பான். இது கோப்பையைப் பிடித்துக்கொள்ளும் ரகம். ஆனால் பல்கலைக்கழகத்தின் எலிக் கட்டடத்துக்கு மனிதர்களைவிடப் பயம் அதிகம். பூமி அசைந்த உடனே இரண்டு இரும்புக் கதவுகளையும் தானாகவே பூட்டிக்கொண்டது. காற்று இயந்திரம் ஒரு இழுப்பு இழுத்துவிட்டு, ஆஸ்துமாக்காரர் மாதிரி மெதுவாக மூச்சுவிட ஆரம்பித்தது. உள்ளே ஆயிரத்து இருநூறு எலிகளும் நாலு மனிதர்களும்.

எலிகள் அலட்டிக்கொள்ளவில்லை. பூட்டிய அறை அவற்றுக்குப் புதிதா என்ன.

மனிதர்களில் முதலாமவர் குசுமி மேடம், துப்பறிவாளர், வயது நாற்பத்தெட்டு. எங்கள் ஆபீஸின் நிரந்தர வருமானம், ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு வேறெங்கோ போகிற கணவன்மார்கள். ஆராய்ச்சி மோசடியைக் கண்டுபிடிக்கப் பல்கலைக்கழகம் எங்களை ஏன் கூப்பிட்டது என்று கேட்டால், டெலிபோன் புத்தகத்தில் எங்கள் விளம்பரம்தான் பெரியது. இரண்டாவது ஆள் நான், மொமோசே. மேடத்துக்குப் பகுதி நேர உதவியாளன். முழு நேர மாணவன் என்று என் கல்லூரி இன்னும் நம்பிக்கொண்டிருக்கிறது.

மூன்றாவது உகாய். முப்பத்திரண்டு வயது ஆராய்ச்சியாளர், இந்த வழக்கின் குற்றவாளி என்று எல்லோராலும் ஏற்கெனவே முடிவு செய்யப்பட்டவர். நான்காவது ஹமாசாகி, எலிகளைப் பராமரிப்பவர். ஐம்பத்தெட்டு வயது, முன்னாள் லாரி டிரைவர், தோள்கள் லாரியின் அகலம். நாலு பேரும் தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்பு, முகமூடி, கையுறை போட்டிருந்ததால் யார் யார் என்று உருவத்தை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. ஹமாசாகி விஷயத்தில் அந்தக் கஷ்டம் இல்லை.

சுவரில் இருந்த ஒலிபெருக்கி கரகரத்தது. வெளியிலிருந்து புரொபசர் ஷிராகி பேசினார். உகாயின் மேலதிகாரி. எல்லோரும் நலமா என்று கேட்டார். காற்றழுத்தம் சரியான பிறகுதான் பூட்டைத் திறக்க முடியும், ஆள் வந்துகொண்டிருக்கிறார், இன்று எத்தனை கட்டடம் பூட்டிக்கொண்டதோ தெரியவில்லை, மூன்று மணி நேரம்கூட ஆகலாம் என்றார்.

உகாய் கடிகாரத்தைப் பார்த்தார். விசாரணைக் குழு மாடியில் நாலு மணிக்குக் கூடுகிறது. வராதவர் குற்றத்தை ஒப்புக்கொண்டதாக அர்த்தம் என்று கடிதத்திலேயே அச்சடித்திருந்தார்கள்.

"அந்தச் சிவப்புக் கைப்பிடி எதுக்கு?" என்றார் குசுமி மேடம்.

கதவுக்குப் பக்கத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு கைப்பிடி இருந்தது. இழுத்தால் இரண்டு கதவும் அந்த நிமிடமே திறக்கும் என்று ஹமாசாகி விளக்கினார். ஆனால் வெளிக்காற்று உள்ளே வந்துவிடும். அப்படி வந்தால் இந்த அறையின் எலிகள் சுத்தம் கெட்டவை. கெட்ட எலி ஒன்றும் அறைக்குள் இருக்கக் கூடாது. ஆயிரத்து இருநூறையும் அன்றைக்கே கொன்றுவிட வேண்டும். அதுதான் விதி.

"ஆக, நாம வெளிய போனா சாட்சி செத்துரும். உள்ளயே இருந்தா குற்றவாளி செத்துருவா," என்றார் மேடம். இதையெல்லாம் அவர் பஸ் நேரம் சொல்கிற குரலில்தான் சொல்வார்.

வழக்கு இவ்வளவுதான். போன இலையுதிர் காலத்தில் உகாய் நாற்பது கூண்டுகளில் பரிசோதனை செய்தார். எல்லா எலிகளுக்கும் புற்றுக்கட்டி. இருபது கூண்டுகளுக்கு மஞ்சள் கார்டு, அவற்றுக்கு உகாயின் புது மருந்து. இருபதுக்கு வெள்ளைக் கார்டு, அவற்றுக்கு வெறும் உப்புத் தண்ணீர். மஞ்சள் எலிகளின் கட்டி சுருங்கியது. வெள்ளை எலிகளின் கட்டி வளர்ந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். ஒரு மருந்துக் கம்பெனி சால்மன் மீன் விருந்தே வைத்தது. பிறகு இந்தக் கோடையில் அதையே திரும்பச் செய்து காட்டச் சொன்னார்கள். இந்த முறை மஞ்சளும் சுருங்கியது, வெள்ளையும் சுருங்கியது. மருந்தே இல்லாமல் கட்டி சுருங்கினால் மருந்து எதற்கு? ஆக, முதல் முடிவு பொய். உகாய் எண்களை மாற்றி எழுதியிருக்கிறார். குழுவின் கணக்கு இது.

பரிசோதனை முடிந்துவிட்டதால் கடைசி வரிசையில் இருந்த உகாயின் நாற்பது கூண்டு எலிகளையும் இன்று ஐந்து மணிக்குக் கொன்றுவிடுவதாக ஏற்பாடு; மற்ற வரிசைகள் வேறு ஆராய்ச்சியாளர்களுடையவை. அதனால்தான் மேடம் என் மதியச் சாப்பாட்டை அறைக்கு வெளியே அலமாரியில் வைக்கச் சொல்லிவிட்டு அவசரமாக உள்ளே கூட்டி வந்தார். மாட்டு நாக்கும் பார்லிச் சோறும். கயிற்றை இழுத்தால் தானாகச் சூடாகும் பெட்டி. சிவப்புக் கைப்பிடியைப் பற்றி நான் மனதுக்குள் என்ன நினைத்தேன் என்பதை இங்கே எழுத விரும்பவில்லை.

மேடம் தலைகீழாகக் கவிழ்த்த ஒரு வாளியின்மேல் உட்கார்ந்து, உகாயைத் தன் மருந்து என்ன செய்கிறது என்று சொல்லச் சொன்னார். எலிக்கு அல்ல, தனக்குப் புரிகிற மாதிரி.

உகாய் சொல்ல ஆரம்பித்ததும் குரல் மாறிவிட்டது. கைதி வகுப்பெடுக்கிறாள் என்பது மறந்துபோகிற குரல்.

"உடம்புல காவலுக்குன்னே சில செல்கள் சுத்துது. கட்டியைப் பாத்தா கொல்லும். அதனால கட்டி ஒரு ரசாயனத்தைக் கசிய விடுது, புராஸ்டாகிளாண்டின்னு பேரு. ஹார்மோன் மாதிரி சேதி சொல்ற சரக்குதான். ஆனா ஹார்மோன் ரத்தத்துல ஏறி ஊர் பூரா போகும். இது போகாது. சுரந்த இடத்துலயே பக்கத்து வீடு, எதிர் வீடுன்னு பரவி அங்கயே கரைஞ்சுரும்."

"வதந்தி மாதிரி," என்றேன்.

"கிட்டத்தட்ட. வலி, வீக்கம், காய்ச்சல்னு எல்லாத்துலயும் அதுக்குக் கை உண்டு. கட்டிக்குப் பக்கத்துல அது சொல்ற சேதி ஒண்ணுதான். இங்க ஒண்ணுமில்ல, நீ படுத்துத் தூங்கு. காவல் செல் அதைக் கேட்டு அடங்கிப் போயிரும். என் மருந்து காவல் செல்லோட காதை அடைக்குது. சேதி வரும், ஆனா அதுக்குக் கேக்காது. அதனால முழிச்சுக்கிட்டு வேலையைப் பாக்கும்."

மேடம் தலையாட்டினார். இது எங்கள் துறைக்குள்ளேயே வருகிற சமாச்சாரம் என்று அவர் முகத்தில் தெரிந்தது.

"கட்டிதான் புருஷன். காவல் செல் பொண்டாட்டி. 'இன்னிக்கு ஓவர்டைம், நீ சாப்பிட்டுப் படு'ன்னு அவன் போன் பண்றான். உங்க மருந்து போட்டா பொண்டாட்டி போனை எடுக்க மாட்டா. சந்தேகம் வந்து தேடிக்கிட்டுக் கிளம்பிருவா."

தன் மூன்று வருட ஆராய்ச்சியை இவ்வளவு அவமரியாதையாகவும் இவ்வளவு சரியாகவும் யாரும் சொன்னதில்லை என்றார் உகாய்.

போன பரிசோதனைக்கும் இதற்கும் என்ன மாறியது என்று மேடம் கேட்டார். ஒன்றுமே மாறவில்லை. உகாய் விரல் விட்டு எண்ணினார்: அதே இன எலி, அதே தீனி, அதே மருந்து, அதே அறை, தண்ணீர் பாட்டில்கூட அதே. உள்ளே வருகிற ஒவ்வொரு பொருளும் நீராவியில் வெந்துதான் வரும். மேடத்தின் குறிப்பு நோட்டையும் அப்படித்தான் வேக வைத்துக் கொடுத்திருந்தார்கள். அது கொழுக்கட்டை மாதிரி உப்பியிருந்தது. வெளியிலிருந்து ஒரு துரும்பைக் கொண்டுவந்து வெள்ளைக் கார்டு எலிக்குக் கொடுக்க வழியே கிடையாது.

இரண்டே காலுக்கு ஒலிபெருக்கி மறுபடி கரகரத்தது. கைப்பிடியை இழுத்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள் என்றார் ஷிராகி. மனிதர்தான் முக்கியம், எலிகள் போனால் போகட்டும். எலிகளைத் தவிர உகாயிடம் வேறு சாட்சி இல்லை, கொஞ்சம் பொறுக்கிறோம் என்று மேடம் சொன்னார். இரண்டரைக்கு ஷிராகி மறுபடி இழுக்கச் சொன்னார். இரண்டே முக்காலுக்கும் சொன்னார்.

நான் மேடத்தின் காதருகே போனேன். வில்லன் கிடைத்துவிட்டான். சாட்சியை அழிக்க இவ்வளவு ஆசைப்படுகிறவர் நிரபராதியாக இருக்க முடியுமா?

"பாப்போம். நீ போய் ஏதாவது உருப்படியாப் பாரு. பேசாம."

அறை புழுங்கியது. காற்று இயந்திரம் கால்வாசி மூச்சுதான் விட்டுக்கொண்டிருந்தது. வெள்ளை உடுப்புக்குள் முதுகில் வேர்வை வழிந்தது. சொறிந்துகொள்ள விதி இடம் கொடுக்கவில்லை. சன்னல் இல்லை. சுவர் வெள்ளை, தரை வெள்ளை, விளக்கு வெள்ளை. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு ஜோடி சிவப்புக் கண்கள் நம்மையே பார்த்துக்கொண்டிருந்தன. யார் யாரை வளர்க்கிறார்கள் என்கிற சந்தேகம் எனக்கு அந்த நேரத்தில்தான் முதல் முதலாக வந்தது.

ஹமாசாகி மட்டும் இயல்பாக இருந்தார். கடைசி வரிசைக்குப் போய் ஒவ்வொரு கூண்டாக இழுத்து, தண்ணீர் பார்த்து, கூட்டுப் பஞ்சைச் சரி செய்து மூடினார். இன்றோடு முடிகிற எலிகளுக்கு என்ன உபசாரம் என்று கேட்டேன். கடைசி நாள் என்பதால் பட்டினி போட முடியுமா என்று கேட்டுவிட்டு வேலையைத் தொடர்ந்தார். ஒவ்வொரு அக்டோபரிலும் கட்டடத்துக்குப் பின்னால் எலிகளுக்கான நினைவுக்கல்லுக்கு முன் எல்லோரும் வரிசையாக நின்று தலை குனிவார்கள். புரொபசர்கள் பத்து விநாடி குனிவார்கள். இவர் நிமிர்கிற வரைக்கும் காத்திருந்தால் டீ ஆறிவிடும் என்று உகாய் சொன்னார்.

பிறகு ஹமாசாகி வந்து என் பக்கத்தில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். வலது தோளைப் பிடித்துக்கொண்டு முகத்தைச் சுளித்தார்.

மூன்று மணிக்கு நான் உருப்படியாகப் பார்த்ததை மேடத்திடம் ஒப்பித்தேன். இரண்டு கண்டுபிடிப்புகள். ஒன்று: நாற்பது கூண்டுகளிலும் புழுக்கைகளை ஆராய்ந்துவிட்டேன், வேறு பொழுதுபோக்கு இல்லை, மஞ்சள் கார்டுக் கூண்டுகளில் பழுப்பு, வெள்ளைக் கார்டுக் கூண்டுகள் ஏழில் தார் மாதிரி கறுப்பு. இரண்டு: உள்ளே வரும்போது, உடுப்பிலுள்ள தூசியைக் காற்றால் ஊதித் தள்ளுகிற அந்தக் காற்றுக் குளியல் அறைக்குள் நாலு பேரும் நெருக்கி நின்றோமே, அப்போது ஹமாசாகி அண்ணனிடமிருந்து வந்த தைல வாசனையில் என் கண்ணே எரிந்தது. இப்போது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறார், ஒன்றுமே வரவில்லை. அதுவாவது தூக்கம் வராமல் காப்பாற்றியிருக்கும்.

முதலாவதைத்தான் நான் பெரிய துப்பாக நினைத்தேன். மேடம் இரண்டாவதைக் கேட்டதும் வாளியிலிருந்து எழுந்துவிட்டார்.

"மொமோசே, நம்ம தொழில்ல முதல் பாடம் என்ன?"

"முன்பணம்."

"ரெண்டாவது."

"வீட்டை விட்டு ஒரு வாசனையோட கிளம்பி, வேற வாசனையோட திரும்புறவன் பொய் சொல்றான்."

"ஜன்னல் கிடையாது. காத்து சரியா ஓடல. பூட்டின ரூம்ல வாசனை கூடணும். ஏன் குறையுது?"

எலிகள் பஞ்சைக் கிழிக்கிற சத்தம் கேட்டது.

மேடம் உகாய் பக்கம் திரும்பினார். நீங்கள் விரல் விட்டு எண்ணிய பட்டியலில் எலி இருந்தது, தீனி இருந்தது, பாட்டில் இருந்தது. ஆள் ஒருத்தர்கூட இல்லையே. இந்த அறைக்கு ஹமாசாகி எப்போது வந்தார்?

ஏப்ரலில், இதே கட்டடத்தின் வேறு அறையிலிருந்து என்றார் உகாய். எல்லா இடத்திலும் ஆட்களை மாற்றுகிற ஏப்ரல். முதல் பரிசோதனைக்கும் இரண்டாவதுக்கும் நடுவில். அதை எழுதி வைக்க அவருக்குத் தோன்றவே இல்லை. தினமும் எலிக்குச் சோறு போடுகிறவர் பரிசோதனையில் சேர்த்தியில்லை என்று அவர் படித்த எல்லாப் புத்தகங்களும் சொல்லிக்கொடுத்திருந்தன.

"பொருள்தான் வெந்து வரணும். ஆள் வேக வேண்டியதில்ல," என்றார் மேடம். "ஹமாசாகி, முதுகுல எத்தனை வலி பிளாஸ்திரி ஒட்டிக்கிட்டு உள்ள வந்தீங்க? இப்ப எத்தனை மிச்சம்?"

ஹமாசாகி வலது தோளிலிருந்து கையை எடுத்தார்.

"ஆறு. இப்ப ஒண்ணு."

இருபது வருடம் லாரி ஓட்டிய தோளுக்கு டாக்டர் பை பையாக எழுதிக்கொடுத்த பிளாஸ்திரி. உடம்பில் ஒட்டிக்கொண்டு வந்தால் யாரும் கேட்பதில்லை. கடைசி வரிசையில் யாரும் பார்க்காதபோது உடுப்புக்குள் கையை விட்டு உரித்து, நகத்தளவு கிள்ளி, வெள்ளைக் கார்டு எலிகளின் பஞ்சுக்கு அடியில் வைத்துவிடுவார். அவை கடித்துத் தின்றுவிடும். மிச்சம் மீதி குப்பையோடு எரிந்துவிடும். இன்று கடைசி நாள் என்பதால் ஐந்தையும் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

"வெள்ளைக்கு மட்டும் ஏன்?" என்றார் உகாய்.

"மஞ்சளுக்குத்தான் நீங்க மருந்து குடுக்குறீங்களே. வெள்ளைக்கும் அதே கட்டிதானே வெச்சீங்க? அதுங்க முதுகை வளைச்சுக்கிட்டு மூலையில ஒக்காந்திருக்கு. வெறும் உப்புத் தண்ணி. எனக்கு அது நியாயமாப் படல. வலியாவது கொறையட்டும்னுதான். அதுல உங்க கணக்கு எப்படிக் கெடும்? பிளாஸ்திரி போட்டா புத்துநோய் போயிருமா என்ன?"

உகாய் எழுந்து நின்றார். பிறகு உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார். வலி மருந்து என்ன செய்கிறது என்பதை அவர் மேடத்துக்குச் சொன்னாரா, தனக்கே சொல்லிக்கொண்டாரா தெரியாது. வலியும் வீக்கமும் எந்தச் சரக்கால் வருகிறதோ, அந்தச் சரக்கையே சுரக்க விடாமல் தடுப்பதுதான் வலி மருந்தின் வேலை. அதே புராஸ்டாகிளாண்டின். கறுப்புப் புழுக்கையும் அதனால்தான். அந்த மருந்து வயிற்றைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும்.

"மஞ்சள் பக்கம் பொண்டாட்டி போனை எடுக்கல," என்றேன் மெதுவாக. "வெள்ளைப் பக்கம் புருஷன் போனே பண்ணல."

"ரெண்டு பக்கமும் அவ தூங்கல," என்றார் மேடம். "உங்க பரிசோதனை தோக்கல உகாய். ரெண்டு தடவை ஜெயிச்சிருக்கு. ஒரு தடவை உங்களுக்குத் தெரியாம."

மணி மூன்று இருபது. நியாயமாக இந்த இடத்தில் நாங்கள் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஆனால் லாரி அகலத்தில் ஒரு மனிதர் எழுந்து கதவுப் பக்கம் நடந்துகொண்டிருந்தார். வெளிப்பொருளை உள்ளே கடத்தியவருக்கு வேலை போய்விடும். ஓய்வுக்கு இரண்டே வருடம் இருந்தது. அவர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து சிவப்புக் கைப்பிடியில் கை வைத்தார்.

எங்கள் மூன்று பேரின் எடையையும் கூட்டினாலும் அவரைப் பிடித்து நிறுத்த முடியாது. இருந்தும் நான் ஒரு அடி முன்னால் வைத்தேன். மேடம் என் உடுப்பைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

"இழுக்கலாம்," என்றார் அவரிடம். "பஞ்சுக்கு அடியில இருக்குற துண்டு, எலி, ரத்தம் எல்லாம் அஞ்சு மணிக்குள்ள சாம்பலாயிரும். நாங்க சொல்றதை யாரும் நம்ப மாட்டாங்க. உங்களுக்கு ஒண்ணும் ஆகாது. உகாய்தான் கள்ளி. அவ்வளவுதான்."

ஒலிபெருக்கி கரகரத்தது. ஷிராகி மறுபடியும். தயவு செய்து இழுங்கள் என்றார். போன தடவை பெரிய ஆட்டத்தின்போது தான் இதே அறையில் பதினோரு மணி நேரம் தனியாக மாட்டிக்கொண்டிருந்ததாகவும், அன்றைக்கு எலிகளை நினைத்து இழுக்காமல் இருந்ததாகவும், இன்றுவரை லிஃப்டில் ஏற முடிவதில்லை என்றும், யாரும் கேட்காமலே சொன்னார். என் வில்லன் அந்த இடத்தில் செத்துப்போனான். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

ஹமாசாகி கைப்பிடியிலிருந்து கையை எடுக்கவில்லை.

"இழுத்தா எல்லாத்தையுமா? மத்தவங்க எலியையும்?"

"விதியை நீங்கதான எங்களுக்குச் சொன்னீங்க," என்றார் மேடம்.

அவர் திரும்பி வரிசைகளைப் பார்த்தார். ஒரு எலி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, சாப்பாட்டு நேரமோ என்று மூக்கை ஆட்டியது. அவர் கண்ணாடிப் பெட்டியை மூடினார். அவ்வளவு பெரிய கைக்கு அவ்வளவு சின்னச் சத்தம்.

பிறகு ஒலிபெருக்கியின் பொத்தானை அவரே அழுத்தி, புரொபசரிடம் குழுவைக் கீழே அழைத்து வரச் சொன்னார். தன்னிடம் ஒரு ஒப்புதல் இருக்கிறது, லிஃப்ட் வேண்டாம், படிக்கட்டிலேயே வரலாம் என்றார்.

நாலு மணிக்குக் குழுவின் ஏழு பேரும் வெளித் தாழ்வாரத்தில் நின்றார்கள். பார்க்க முடியவில்லை, இருமலை வைத்து எண்ணினேன். ஹமாசாகி சொன்னார், உகாய் விளக்கினார். தலைவருடைய குரல் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, இது நெஞ்சைத் தொடுகிற கதைதான், ஆனால் எந்தக் கூண்டுக்கு எந்த நாள் எவ்வளவு என்று தெரியாத மருந்தை அறிவியல் எப்படி ஏற்கும், இன்றைய துண்டு இன்றைக்குத்தான் சாட்சி, கடந்த மூன்று மாதத்துக்கு என்ன சாட்சி என்று கேட்டது. நியாயமான கேள்வி. நியாயமான கேள்விகளைப் போல எரிச்சலூட்டுவது எதுவுமில்லை.

உகாய் கையிலிருந்த கட்டி அளவுப் பட்டியலைப் புரட்டினார்.

"அது இருக்கு," என்றார் ஹமாசாகி.

அவர் கடைசி வரிசைக்குப் போய் ஒரு வெள்ளைக் கார்டை அதன் உறையிலிருந்து உருவி, திருப்பிக் காட்டினார். பின்பக்கம் முழுவதும் பென்சில் வட்டங்கள், எறும்பு வரிசை மாதிரி. ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி. முழு வட்டம் என்றால் நகத்தளவு துண்டு. அரை வட்டம் என்றால் அதில் பாதி. குறுக்குக் கோடு போட்டிருந்தால் எலி அதைத் தின்னவில்லை. இருபது கார்டிலும்.

"லாரி ஓட்டின பழக்கம். எங்க நின்னேன், எவ்வளவு நேரம் தூங்கினேன்னு அன்னன்னிக்கே எழுதலைன்னா போலீஸ் புடிப்பான். எழுதாம விட்டா எனக்குத் தூக்கம் வராது."

உகாய் ஒவ்வொரு கார்டாக வாங்கிப் பார்த்தார். ஏழாவது கார்டைத் தன் அளவுப் பட்டியலோடு ஒட்டி வைத்துப் பார்த்தபோது அவர் விரல் நின்றுவிட்டது. அரை வட்டம் வந்த வாரம் கட்டி கொஞ்சம் வளர்ந்திருந்தது. முழு வட்டம் வந்ததும் சுருங்கியிருந்தது. குறுக்குக் கோடு வந்த மூன்று நாளில் மறுபடி வளர்ந்திருந்தது. அடுத்த கார்டிலும் அப்படியே. அவர் அதை ஒலிபெருக்கி முன்னால் நின்று கூண்டு கூண்டாக, தேதி தேதியாகப் படித்தார். ஹமாசாகி வட்டத்தைச் சொன்னார்; உகாய் கட்டியின் அளவைச் சொன்னார். இருபது கூண்டு. வெளியே இருமல்கள் நின்றுவிட்டன. யாரோ பேனா கேட்டது மட்டும் கேட்டது.

படித்து முடிக்க நாலு ஐம்பது ஆனது. குழு தனியாக மூன்று நிமிடம் கிசுகிசுத்தது. முதல் முடிவைப் பொய் என்று சொல்ல இனிமேல் முகாந்திரம் இல்லை என்று தலைவர் அறிவித்தார். ஹமாசாகி ஒரு மன்னிப்புக் கடிதம் எழுத வேண்டும். மற்றதைப் பிறகு பேசலாம். கார்டுகளுக்குக் கலர் கொடுத்து எது மருந்துக் கூண்டு என்று ஊருக்கே காட்டிய யோசனை யாருடையது என்று அவர் கேட்டபோது, தாழ்வாரத்தில் புரொபசர் ஷிராகி தொண்டையைச் செருமினார். அவரும் ஒரு கடிதம் எழுதுவார் போலிருந்தது.

பூட்டு திறக்கிற ஆள் வந்துவிட்டதாக யாரோ சொன்னார்கள். கதவுக்குள் ஏதோ கடகடத்தது. நான் எழுந்து உடுப்பைத் தட்டிக்கொண்டேன். என் மாட்டு நாக்கு இன்னும் அலமாரியில் கயிறு இழுக்கப்படாமல் காத்திருந்தது.

ஹமாசாகி மட்டும் கதவைப் பார்க்கவில்லை. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு முறை தொண்டையைக் கனைத்துவிட்டுத்தான் உகாயிடம் கேட்டார்.

"அஞ்சு மணி ஆகப் போகுது. அதுங்களை..."

உகாய் இருபது வெள்ளைக் கார்டுகளையும் இரண்டு கைகளாலும் பிடித்தபடி நிமிர்ந்தார். இனிமேல் அவை வெறும் எலிகள் இல்லை. உலகத்திலேயே அவருக்கு இருக்கிற ஒரே சாட்சிகள்.

"அஞ்சு மணிக்குத் தீனி போடுங்க," என்றார். "ரெண்டு பக்கத்துக்கும்."

கதவு திறந்தது. முதல் ஆளாக நான் வெளியேறினேன். திரும்பிப் பார்த்தபோது ஹமாசாகி இன்னும் உள்ளேதான் தீனி போட்டுக்கொண்டிருந்தார், மஞ்சள் பக்கத்திலிருந்து ஆரம்பித்து.